எழுபத்தோராம் கட்டத்தில் ஆளில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் கை காலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறோம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் சமையலறைக் கூரையைப் பொத்துக்கொண்டு ஒரு உருண்டை விழுந்தது. பூசணிக்காய் அளவு. கறுப்பு நூலை இறுக்கிச் சுற்றினாற்போல் மேல்தோல், ஒரு பக்கம் கருகி உரிந்திருந்தது. அடுப்பு மேடை இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நம் சுண்டெலிப் பிள்ளை கூடத்தில் தொட்டிலில். ஓடிவந்து பார்த்தால் தூசி மூட்டத்துக்குள் அவள் அசையாமல் தூங்குகிறாள். செத்தே போனேன் அக்கா. மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, பிறகு எழுப்பி, அவள் அழுத பிறகுதான் நானும் அழுதேன்.

இவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓடிவந்து உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “லிஃப்ட்ல ஒரு போல்ட் கழண்டு விழுந்தா எனக்கு மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இவங்க ராக்கெட்டோட எரிபொருள் டாங்கியையே கழட்டி விட்டிருக்காங்க, யாருக்கு மெமோ குடுக்கறது?” என்றார். சிரிப்பு வரவில்லை.

அன்று காலைதான் எல்லை தாண்டி உங்கள் கம்பெனி ராக்கெட் கிளம்பியது என்று ரேடியோவில் சொன்னார்கள். உருண்டையில் இருக்கும் எண்ணைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுடையதுதானா என்று பார்த்துச் சொல். போன வாரம் போனில், “செவ்வாய்க்கிழமை பிள்ளையத் தூக்கிட்டு எங்கயாவது வெளிய போயிட்டு வாயேன்” என்றாயே, கேட்டிருக்கலாம். உனக்கு வாய்முகூர்த்தம் அப்படி.

உடனே எழுது.

தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன், இடுப்பைப் பற்றி விசாரிக்காதே. சுண்டெலியின் காதை டாக்டரிடம் காட்டினாயா? சத்தத்துக்குத் திரும்புகிறாளா?

அந்தப் பொருளைத் தொடாதே. உள்ளே எரிபொருள் மிச்சம் இருந்தால் அது விஷம். பிள்ளையை அந்தப் பக்கமே விடாதே. அதிகாரிகள் வந்து எடுத்துப்போவார்கள். எண்ணைப் பற்றி என்னால் எழுத முடியாது. கம்பெனி வளாகத்துக்குள் வெளி அழைப்பையும் நிறுத்திவிட்டார்கள், அதனால் போனுக்குக் காத்திருக்காதே.

கூரை இல்லாத வீட்டில் ஏன் இருக்க வேண்டும்? மே மாதம் முடியும்வரை மாமியார் வீட்டில் போய் இருந்துவிட்டு வாங்களேன். மாப்பிள்ளைக்கு அங்கிருந்தும் வேலைக்குப் பஸ் இருக்கிறதே. நான் சொல்வதை இந்த ஒரு தடவை கேள்.

சுண்டெலிக்கு முத்தம்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

காது நன்றாக இருக்கிறது. கரண்டி விழுந்தால் திரும்பிப் பார்க்கிறாள், விமானம் போனால் மேலே பார்க்கிறாள். நான்தான் விமானம் போனால் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் நிற்கிறேன். அங்கேதான் கான்கிரீட் இரண்டு அடுக்கு.

உருண்டையை எடுத்துப் போய்விட்டார்கள். வெள்ளை உடையும் முகமூடியுமாக உங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், கூட நம் அரசாங்க அதிகாரி ஒருவர். எங்களுக்கு முகமூடி தரவில்லை. நாங்கள்தான் மூன்று வாரமாக அதோடு குடித்தனம் நடத்தியவர்கள்.

“இது அவங்க நாட்டுச் சொத்தும்மா. எங்க விழுந்தாலும் திருப்பிக் குடுத்தாகணும், சர்வதேச ஒப்பந்தம்” என்றார் அதிகாரி.

“அப்போ என் கூரை எந்த நாட்டுச் சொத்து?”

“அதுக்குத் தனி மனு எழுதணும்.”

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வேலிமேல் சாய்ந்து நின்று, “பந்து விழுந்தா தெருப் பசங்ககூட ‘அக்கா எடுத்துக்கவா’ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க” என்றாள் உரக்க. நான் ரசீது கேட்டேன். தந்தார்கள். ‘பொருள்: உருண்டை. எண்ணிக்கை: ஒன்று. நிலை: பயன்படுத்தியது.’

மனுவை எடுத்துக்கொண்டு அமைச்சகத்துக்குப் போனேன். துணைச் செயலர் நல்ல மனிதர், சுண்டெலிக்கு மேசைமணியை விளையாடக் கொடுத்தார். பாதிக்கப்பட்டவர்கள் நேராகக் கேட்க முடியாதாம், நம் அரசாங்கம்தான் அந்த அரசாங்கத்திடம் கேட்க வேண்டுமாம்.

“கேளுங்க சார்.”

“கேக்கலாம்மா. ஆனா மே மாசம் நம்ம செயற்கைக்கோளும் அதே கம்பெனி ராக்கெட்லதான் போகுது. இந்த நேரத்துல போய் மூஞ்சிய முறிச்சுக்கிட்டா…” என்று இழுத்தார்.

அக்கா, நீயும் மே என்கிறாய், அவரும் மே என்கிறார். மே மாதம் என்ன?

தங்கை


மார்ச் 19

அன்புள்ள குட்டிக்கு,

நலம். வேலை அதிகம், தாமதத்துக்குக் கோபிக்காதே. சுண்டெலிக்குக் கவுன் அனுப்பியிருக்கிறேன், ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன்.

மே ஒன்பதாம் தேதி அடுத்த ராக்கெட். அதே பாதை. இதில் ரகசியம் ஒன்றுமில்லை, விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அறிவிப்புப் போயிருக்கிறது. ஆபத்து அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது. முதல் தடவை நடந்தது இன்னொரு தடவை நடக்காது. ஆனாலும் மாமியார் வீட்டுக்குப் போ.

கவுன் அளவு எப்படி என்று எழுது.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

கவுன் அளவு சரி. நன்றி.

விமானத்துக்கும் கப்பலுக்கும் சொன்னவர்கள் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் விடை தெரிந்துவிட்டது. மனு மேல் மனு போட்டதில் அமைச்சகத்திலிருந்து உங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அறிக்கை நகல் ஒன்று கொடுத்தார்கள். பாதி வரிகள் மேல் கறுப்பு மை. ஆனால் பதினான்காம் பக்க அட்டவணையில் மை பூச மறந்துவிட்டார்கள்.

நான் கணிதம் படித்தவள் என்பது இங்கே யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கே பாதி மறந்துவிட்டது. ஆனாலும் புரிந்தது. நிலத்தை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் துண்டு விழ எவ்வளவு வாய்ப்பு, அங்கே எத்தனை ஆள். இரண்டையும் பெருக்கி, எல்லாக் கட்டத்தையும் கூட்டினால் ஆபத்து. எங்கள் லேஅவுட் எழுபத்தோராம் கட்டம். விழும் வாய்ப்பு மற்றக் கட்டங்களைவிட அதிகம். ஆட்கள்: பூஜ்யம்.

பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இங்கே பால்காரர் தினமும் முந்நூறு வீட்டுக்கு ஊற்றுகிறார். பேய்க்கா ஊற்றுகிறார்? எட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வெறும் பொட்டல், சரி. இப்போதுமா?

‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் மட்டும் நன்றாக மை பூசியிருக்கிறார்கள். அது யார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது, ஒரே கட்டிடந்தானே. அந்த மகராசனைக் கண்டுபிடித்து, ஒரு நாள் வந்து எங்கள் சமையலறையில் நின்று கஞ்சி காய்ச்சச் சொல். ஒரே ஒரு நாள்.

தங்கை


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

பதினெட்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமாக எழுதியது உன்மேல் இல்லை, அது உனக்கே தெரியும்.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எண்ணினேன். தையல்காரம்மாவும் நானும் வீடு வீடாக ஒன்பது நாள் போனோம், சுண்டெலி என் இடுப்பில். முதல் தெருவில் எங்களை லோன் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். தையல்காரம்மா ஜன்னல் வழியாக, “கடன் குடுக்க வரல, தலைய எண்ணத்தான் வந்திருக்கோம், தலை இருக்குல்ல?” என்று கத்திய பிறகு திறந்தார்கள்.

சந்தேகம் மேல் சந்தேகம் வேறு. ஏழு மாதக் கர்ப்பிணி ஒன்றா, இரண்டா? “ரெண்டுன்னே போடு, விழறது ஒண்ணா ரெண்டான்னு பாத்தா விழப்போகுது?” என்றாள் தையல்காரம்மா. ஒன்று என்றுதான் போட்டேன், யாரும் குறை சொல்லக் கூடாது பார். கட்டி முடியாத கட்டிடத்தில் வாட்ச்மேன் குடும்பம், நான்கு பேர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். “எங்களையுமாம்மா?” என்று கேட்டார் வாட்ச்மேன். இரண்டு தடவை கேட்டார்.

மொத்தம் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு பேர். பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். பூஜ்யத்துக்குப் பதில் இந்த எண்ணைப் போட்டுப் பெருக்கிப் பார்த்தேன். உங்கள் வரம்பைப்போல் பதினொரு மடங்கு வருகிறது. நான் பெருக்கியது தப்பு என்று சொல்லேன். சந்தோஷப்படுவேன்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பேரை எனக்குத் தெரிந்ததில்லை. தெரியாமலே இருந்திருந்தால் மே ஒன்பதை நினைத்து ராத்திரியில் எழுந்து பட்டியலைப் புரட்ட மாட்டேன்.

எழுது அக்கா.

தங்கை


ஏப்ரல் 21

குட்டி,

நீ பெருக்கியது சரி.

அட்டவணை தயாரித்தது நான்தான். பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டோம், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். எழுபத்தொன்று வந்தபோது கை நின்றது. போன வருஷம் உன் கட்டிலை மாப்பிள்ளையோடு சேர்ந்து அந்தக் கதவுக்குள் பக்கவாட்டில் திருப்பி நுழைத்தவள் நான். அங்கே ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒப்பந்தம் ஆன அன்று அட்டவணையைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு எண் மாறினாலும் ஏழு வாடிக்கையாளரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். எண் மாறினால் பாதையைக் கடல் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினால் எரிபொருள் அதிகம் பிடிக்கும், ஏழு செயற்கைக்கோளில் ஒன்றை இறக்கிவிட வேண்டும். யாருடையதை இறக்குவார்கள்? ரொம்பச் சின்ன வாடிக்கையாளர் யாரோ அவருடையதை. அது நம் நாட்டுடையது. மேலதிகாரியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். “பூட்டியாச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார். நானும் தலையாட்டினேன். அடுத்த தடவையும் வந்தது. அதே அட்டவணை.

செவ்வாய்க்கிழமை வெளியே போகச் சொன்னது வாய்முகூர்த்தம் இல்லை. உனக்கு மட்டும் போன் செய்தேன். உனக்கு மட்டும். உன் பட்டியல் வந்த பிறகுதான் அந்த இரண்டு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

இந்தப் பட்டியலை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். அரசாங்க முத்திரை வேண்டும்.

மே ஒன்பது அன்று பிள்ளையோடு அங்கே இருக்காதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. இரண்டு நாள் அரிசிப் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருந்தேன்.

என்ன எழுத என்று தெரியவில்லை. திட்ட வேண்டும் என்று ஆரம்பித்தால், கட்டிலைத் தூக்கியதில்தான் உன் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பது ஞாபகம் வருகிறது. சரி, விட்டுவிடலாம் என்றால், தூசிக்குள் கிடந்த பிள்ளை ஞாபகம் வருகிறாள்.

நான் போய்விடுவேன். எட்டாம் தேதி இவளைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன், வீராப்புக்காகப் பிள்ளையை வைத்துக்கொண்டு இங்கே உட்கார மாட்டேன். ஆனால் தையல்காரம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுப் போக? அவள் மாமனாரைக் கட்டிலிலிருந்து இறக்கவே இரண்டு பேர் வேண்டும். சொல்லாமல் போனால் நான் செய்வதும் நீ செய்ததும் ஒன்றுதான்.

சொன்னால், ஆதாரம் கேட்பார்கள். இருக்கிற ஒரே ஆதாரம் உன் கடிதம். அதைக் காட்டினால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேலையில் சேரும்போது நீ கையெழுத்துப் போட்ட ரகசியப் பத்திரத்தை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய், மீறினால் ஏழு வருஷம் ஜெயில் என்று.

இதை நான் என்ன செய்ய? நீயே சொல்.

தங்கை


ஏப்ரல் 30

குட்டி,

காட்டு.

ஆனால் போன கடிதத்தைக் காட்டாதே. ‘அக்கா’ என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை எந்த அரசாங்கமும் மதிக்காது. அதையே முறையாக எழுதி, கட்ட எண், தேதி, மேலதிகாரி சொன்ன பதில், என் முழுப் பெயர், பணியாளர் எண் எல்லாம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மூன்று பிரதி. ஒன்றை உன்னிடம் வைத்துக்கொள், யார் கேட்டாலும் அதைத் தராதே.

சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இது எப்போது உன் கைக்கு வரும், வருமா என்றே தெரியாமல் எழுதுகிறேன். நீ எங்கே இருக்கிறாய்? உடம்பு எப்படி இருக்கிறது?

நான்காம் தேதி துணைச் செயலரிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், பிறகு போட்டுக்கொண்டு படித்தார்.

“இது உங்களுக்குச் சொந்த அக்காவா?”

“ஆமா சார்.”

“என்னம்மா செஞ்சிருக்கீங்க ரெண்டு பேரும்” என்றார். திட்டுகிறாரா என்று தெரியவில்லை. “இத நான் உள்ள எடுத்துட்டுப் போனா, நம்ம செயற்கைக்கோள நாமளே இறக்கின மாதிரி ஆகும். ஆறு வருஷ வேலை. அதுல பாதி நான் பாத்தது.”

“எடுத்துட்டுப் போகலைன்னா சார்?”

சுண்டெலி மேசைமணியை அடித்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “வீட்டுக்குப் போங்க. பட்டியல்ல முத்திரை போட்டு அனுப்பறேன்” என்றார்.

தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. இரண்டு வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். தையல்காரம்மா கையிலிருந்த ஜாக்கெட்டைத் தைத்து முடித்தாள். பிறகு, “உங்கக்கா உனக்கு மட்டும் போன் பண்ணுச்சு. எங்கக்காவா இருந்தா அதுகூடப் பண்ணியிருக்க மாட்டா” என்றாள்.

நேற்று அறிவிப்பு வந்தது. ஏவுதல் ஜூன் முப்பதுக்குத் தள்ளிவைப்பு. காரணம்: மோசமான வானிலை. இங்கே வானத்தில் பஞ்சு அளவுகூட மேகமில்லை.

ஒரு வரியாவது எழுது.

தங்கை


மே 28

அன்புள்ள குட்டிக்கு,

வளாக வாசலில் காவலுக்கு இருப்பவர் உன் கடிதத்தை இங்கே கொண்டுவந்து கொடுத்தார். ஊருக்குள் ஒரு விடுதியில் இருக்கிறேன். வேலை போய்விட்டது. விசாரணை முடியும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம். வக்கீல் ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள், கெட்டிக்காரி, ரொம்பப் பேசுகிறாள். மற்றபடி நலம்.

உன் பட்டியல் முத்திரையோடு வந்து சேர்ந்தது. எழுபத்தோராம் கட்டத்தில் அந்த எண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று பழைய தோழி ஒருத்தி சொன்னாள். பாதையைக் கடல் பக்கம் திருப்பியாயிற்று. நம் நாட்டுச் செயற்கைக்கோளையும் இறக்கியாயிற்று.

இனி நீ நிம்மதியாக இருக்கலாம். புதுப் பாதையில் கவலைப்பட ஒன்றுமில்லை, கடற்கரை ஓரமாக வெறும் உப்பளந்தான்.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விடுதியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வக்கீல் பேசட்டும், நீ பேசாதே. சுண்டெலி பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தேன். கூடத்துக்கும் வாசலுக்குமாக. இவர், “எல்லாந்தான் முடிஞ்சுதே, இன்னும் என்ன?” என்றார். வெறும் உப்பளம் என்கிறாய் அக்கா. உப்பு தன்னைத் தானே வாரிக் குவித்துக்கொள்ளுமா?

தையல்காரம்மாவும் நானும் முந்தாநாள் பஸ் ஏறிப் போனோம். நான்கு மணி நேரப் பயணம். வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. கீற்றுக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குடும்பம். மழைக்கு முந்தின ஆறு மாதத்துக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து தங்குகிறவர்கள். கணக்கெடுக்க வரும் காலத்தில் அங்கே இருக்க மாட்டார்கள். மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எண்ணினோம். அது ஒரு மூலைதான்.

பட்டியலை இதோடு அனுப்புகிறேன். எந்தக் கட்டம் எது, எந்தப் படிவத்தில் எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். வேலை போனாலும் தலைக்குள் இருப்பதை அவர்களால் வாங்கி வைத்துக்கொள்ள முடியாதே. எழுதி அனுப்பு. துணைச் செயலரிடம் நான் போகிறேன். என்னைப் பார்த்தால் ஓடி ஒளிவார், பரவாயில்லை. இருபத்தாறு நாள்தான் இருக்கிறது.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. திட்டு பாக்கி இருக்கிறது, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் நேரில் வந்து வாங்கிக்கொள்.

கிளம்பும்போது ஒரு பெண் எங்கள் பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை வந்தாள். இடுப்பில் சுண்டெலி வயதில் ஒரு பிள்ளை, கையெல்லாம் உப்பு வெடிப்பு. எதற்கு எண்ணுகிறோம் என்று தையல்காரம்மா அவளுக்கு விவரமாகச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்து, “அப்போ எங்கள எழுதிக்கிட்டா, அத வேற யாரு தலைமேல திருப்புவாங்க?” என்றாள்.

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

தங்கை